குதிரைத்திறனைக் கூட்டலாமா? – பொறியாளர் பென்ட்லியின் வாழ்க்கை

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதி என் அண்ணன். பிரதிவாதி எங்கள் அம்மா. நான் இயற்பியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக நீதிபதியின் நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன், தவணைக் கடனில் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். அதன் எஞ்சினுக்கு 75 குதிரைத்திறன். பட்டறைக்காரர் ஒருவர், எஞ்சினை ஆளும் சிறு கணினியின் கட்டளைகளை மாற்றி, டர்போவையும் புகைக்குழாயையும் பெரிதாக்கினால், அதை 110 ஆக உயர்த்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செலவு 85,000 ரூபாய். அம்மாவின் மூன்று சவரன் சங்கிலியை அடகு வைத்து அந்தப் பணத்தைப் புரட்டுவது அண்ணனின் திட்டம். இது தகுமா, தகாதா என்பதே வழக்கு.

தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இதே வழக்கு, இதைவிடப் பல நூறு மடங்கு பெரிய அளவில், 1929ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்து நாட்டில் நடந்திருக்கிறது என்பதைப் படித்து அறிந்தேன். அந்த வழக்கில் ஒரு பக்கம் நின்றவர் வால்டர் ஓவன் பென்ட்லி. தம் பெயரையே காருக்கு வைத்த பென்ட்லிதான். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி ஆண்டு மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையுடன் படித்தருள வேண்டுகிறேன்.

பென்ட்லி 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் கடைக்குட்டி. வசதியான குடும்பம். பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் கல்லூரிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆனால் பையனின் மனம் ஏட்டில் இல்லை, இரயில் எஞ்சினில் இருந்தது. பதினாறாம் வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, டான்காஸ்டரில் இருந்த கிரேட் நார்தர்ன் இரயில்வேப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளராகச் சேர்ந்தார். வசதியான வீட்டுப் பிள்ளை கரியிலும் எண்ணெயிலும் ஐந்து ஆண்டுகள் புரண்டார். வார்ப்படச்சாலை, கடைசல் பட்டறை, பொருத்துமிடம் எல்லாவற்றிலும் கை பழகியபின், ஓடும் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலையையும் செய்தார்.

இந்த ஐந்து ஆண்டுகளைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது என்பது என் கருத்து. இரயில் எஞ்சின் என்பது ஒரு நாள் ஓடி மறுநாள் கெட்டுப்போகும் பொருள் அன்று. நாள்தோறும் பல நூறு மைல் பாரம் இழுத்து, முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியது. ஒரு பொறியின் பெருமை அது ஒரு நிமிடத்தில் காட்டும் பலத்தில் இல்லை, சலிக்காமல் உழைப்பதில் இருக்கிறது என்னும் எண்ணம் அங்கேதான் அவருக்குள் ஊறியிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த கார்களைப் பார்த்தவர்கள் அவற்றை லாரிக்கும் இரயிலுக்கும் ஒப்பிட்டுக் கேலி பேசியதுண்டு. அந்தக் கேலியில் உண்மையும் உண்டு.

இரயில்வேயில் முன்னேற நெடுங்காலம் காத்திருக்க வேண்டும் என்று கண்டு அதை விட்டார். இடையில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பித்துப் பிடித்து, மேன் தீவில் நடந்த பந்தயங்களில் 1909, 1910 ஆண்டுகளில் கலந்துகொண்டார். பின்பு இலண்டனில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார். 1912இல் தம் அண்ணன் ஒருவருடன் சேர்ந்து டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார். வழக்கின் முதல் சாட்சி இங்கேதான் கிடைக்கிறது.

டி.எஃப்.பி. கார் நல்ல கார். ஆனால் சாதுவான கார். இரண்டு லிட்டர் எஞ்சின். விற்க வேண்டுமானால் பந்தயத்தில் பெயர் எடுக்க வேண்டும். பெயர் எடுக்க வேண்டுமானால் பலம் போதாது. 1913இல் பிரான்சிலுள்ள தொழிற்சாலைக்குச் சென்ற பென்ட்லி, அங்கே ஒரு மேசைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த எடைக் கட்டியைக் கண்டார். அது அலுமினியத்தால் வார்த்த ஒரு சின்னஞ்சிறு பிஸ்டன். வெறும் அலங்காரப் பொருள். அந்நாளில் கார் எஞ்சின்களில் பிஸ்டன் என்றால் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. அலுமினியம் வெப்பத்தில் இளகிவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். பென்ட்லிக்கு மட்டும் மூளையில் பொறி தட்டியது. அலுமினியத்தோடு செம்பைக் கலந்தால் என்ன?

நண்பர்களே, இங்கே சற்று நின்று பார்ப்போம். குதிரைத்திறன் என்பது என்ன? எஞ்சினின் முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்கி வருவது. எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு. அதிகமான காற்றை உள்ளே செலுத்தினால் அதிகமான எரிபொருளை எரிக்கலாம். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், எஞ்சினை வேகமாகச் சுழற்றலாம், அல்லது காற்றை வெளியிலேயே அழுத்தி உள்ளே திணிக்கலாம். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே போய் நின்று, கீழே வந்து நிற்கிறது. அது கனமாக இருந்தால் நிறுத்தும்போதெல்லாம் தண்டின் மீதும் தாங்கியின் மீதும் இடி விழுகிறது. இந்த விசை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுகிறது என்பது நாம் இரண்டாம் ஆண்டில் படித்த பாடம். பிஸ்டனின் எடையைக் குறைத்தால் இடி குறையும், வேகத்தைக் கூட்டலாம். மேலும் அலுமினியம் இரும்பைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் பிஸ்டனின் தலை சூடேறாது. ஆகவே அழுத்த விகிதத்தையும் உயர்த்தலாம். பலமும் கூடுகிறது, எஞ்சினுக்கு வருத்தமும் குறைகிறது!

பென்ட்லி செய்தது அதைத்தான். புதுப் பிஸ்டன் பொருத்திய டி.எஃப்.பி. கார், புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் தன் வகுப்புச் சாதனைகளைத் தகர்த்தது. 1914இல் மேன் தீவில் நடந்த கார்ப் பந்தயத்தில், தன்னைவிடப் பெரிய எஞ்சின்கள் கொண்ட கார்களுடன் போட்டியிட்டு ஆறாவதாக வந்தது. ஆக, பின்னாளில் எஞ்சினைத் தொடாதே என்று வாதாடியவராக அறியப்பட்ட அதே மனிதர், பிறர் செய்த எஞ்சினை மாற்றியமைத்துப் பலம் கூட்டித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கதை இன்னும் முடியவில்லை என்று சொல்லி வைத்தேன்.

முதல் உலகப்போர் மூண்டது. அலுமினியப் பிஸ்டன் இரகசியத்தைத் தம் வியாபாரத்துக்கென வைத்துக்கொள்ளாமல் பென்ட்லி கடற்படையின் விமானப் பிரிவிடம் சென்று தெரிவித்தார். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஈகிள் விமான எஞ்சினில் அதைப் பயன்படுத்தியது. பின்பு கிளர்ஜே என்னும் பிரெஞ்சுச் சுழல் எஞ்சினின் கோளாறுகளைத் தீர்க்கும் பணி அவரிடம் வந்தது. அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் சுழலும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் காய்ந்து, வட்டம் வட்டமாக இராமல் கோணிப்போகும். ஒட்டுப்போட்டுப் பார்த்த பென்ட்லி, இது ஒட்டில் தீராது என்று உணர்ந்து, புதிதாகவே ஓர் எஞ்சினை வடித்தார். அலுமினியச் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை வைத்த அந்த பி.ஆர்.1 எஞ்சின் 150 குதிரைத்திறன் தந்தது; சாப்வித் கேமல் என்னும் புகழ்பெற்ற போர் விமானத்தில் பொருத்தப்பட்டது. எது ஒட்டில் தீரும், எது புதிதாய்ச் செய்தால்தான் தீரும் என்று பகுத்தறிவதுதான் பொறியாளனின் திறமை போலும். இப்பணிக்காக அவருக்கு விருதும், போருக்குப் பின் 8,000 பவுன் வெகுமதியும் கிடைத்தன.

ஆனால் அதே 1919ஆம் ஆண்டில் அவருடைய இளம் மனைவி லியோனி, உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். துயரத்தை வேலையில் புதைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வாண்டிலேயே பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் தோன்றியது. முதல் எஞ்சின் இலண்டனில் பேக்கர் தெருவை அடுத்த ஒரு சந்தின் மாடிப் பட்டறையில் உறுமத் தொடங்கியது. பின்பு கிரிக்கிள்வுட் என்னுமிடத்தில் தொழிற்சாலை எழுந்தது. 1921இல் முதல் 3 லிட்டர் கார் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு, இரண்டு தீப்பொறிச் செருகி. சிலிண்டரின் குறுக்களவு 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 149 மில்லிமீட்டர். ஏறக்குறைய கிணறு போன்ற சிலிண்டர்! வண்டியின் அடிக்கட்டுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

பிரான்சு நாட்டில் லீமான் நகரில் 24 மணி நேரம் ஓயாமல் ஓடும் கார்ப் பந்தயம் 1923இல் தொடங்கியது. ஒரு வாடிக்கையாளர் தம் பென்ட்லியுடன் போட்டியிடப் போவதாகச் சொன்னபோது, எந்தக் காரும் இதைத் தாங்காது, இது வீண்வேலை என்று நினைத்தார் பென்ட்லி. கடைசி நேரத்தில் மனம் கேளாமல் பார்க்கப் போனார்; பார்த்ததும் மயங்கிவிட்டார். தம் கார்கள் இதற்காகவே பிறந்தவை என்று புரிந்துகொண்டார். 1924இல் வெற்றி. அடுத்த இரண்டு ஆண்டுகள் தோல்வி. 1927ஆம் ஆண்டுப் பந்தயத்தை எழுத வேண்டுமானால் தனிக் கட்டுரையே வேண்டும். மூன்று பென்ட்லிகளும் வெள்ளை மாளிகை வளைவு என்ற இடத்தில் இருட்டும் நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் மோதின. அவற்றுள் ஒன்று மட்டும் முறுக்கிய முன்பாகத்துடன், ஒற்றை முகப்பு விளக்கோடு இரவெல்லாம் ஓடி, முதலிடம் பெற்றது. வெற்றிக் கொண்டாட்டமாக இலண்டன் சவாய் ஓட்டலில் நடந்த விருந்துக்கு அந்தக் காரையே அழுக்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்களாம். பின்னர் 1928, 1929, 1930 என்று தொடர்ந்து வெற்றி. மொத்தம் ஐந்து முறை.

இவ்வளவு புகழிலும் நிறுவனத்தின் கல்லாப்பெட்டி எப்போதும் காலி. 1926இல் வைரச் சுரங்கச் செல்வத்துக்கு வாரிசான வுல்ஃப் பார்னாட்டோ பணம் போட்டு நிறுவனத்தின் தலைவரானார். பென்ட்லி தம் பெயர் தாங்கிய நிறுவனத்தில் தாமே சம்பளக்காரர் ஆனார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அடுத்து வரும் வழக்கில் அவர் தோற்றதற்கு இதுவே காரணம்.

மற்றக் கார்களின் வேகம் ஏறிக்கொண்டே வந்தது. பலத்தைக் கூட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எப்படிக் கூட்டுவது என்பதுதான் கேள்வி. பென்ட்லியின் விடை எளியது: பெரிய எஞ்சின் செய்வோம். மூன்று லிட்டர் போதவில்லையா, நாலரை; அதுவும் போதாதா, ஆறு சிலிண்டரில் ஆறரை. பெரிய எஞ்சின் தன் பலத்தில் ஒரு பகுதியை மட்டும் தந்தாலே போதும். மூச்சிரைக்காது, நெடுநேரம் ஓடும். இரயில்வேப் பட்டறையில் கற்ற பாடம்!

எதிர்க்கட்சியில் நின்றவர் டிம் பிர்கின் என்னும் பந்தய வீரர். நாட்டிங்காம் நகரின் செல்வந்தக் குடும்பத்துப் பிள்ளை. போரில் விமானப் படையில் பணியாற்றியவர். ஒல்லியான, சற்றே திக்கிப் பேசும் மனிதர். ஆனால் வட்டைப் பிடித்தால் புலி. கழுத்தில் நீலத்தில் வெள்ளைப் புள்ளியிட்ட துணி பறக்கக் கார் ஓட்டுவார். அவருக்குப் பெரிய எஞ்சினின் கனம் பிடிக்கவில்லை. இருக்கிற நாலரை லிட்டர் எஞ்சினிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்தினால் போதும் என்றார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் அதை வடித்துத் தந்தார். டாரத்தி பேஜட் என்னும் செல்வச் சீமாட்டி பணம் தந்தார். வெல்வின் என்ற ஊரில் பிர்கின் தனிப் பட்டறை தொடங்கினார்.

சூப்பர்சார்ஜர் என்பது இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தழுவிச் சுழன்று காற்றையும் எரிபொருளையும் அழுத்தித் தள்ளும் கருவி. பிர்கினின் காரில் அது கிராங்க் தண்டின் முன்முனையில் பூட்டப்பட்டு, ரேடியேட்டருக்கும் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. யானையின் துதிக்கையை வெட்டிவிட்டு அங்கே ஒரு பெட்டியை மாட்டியது போன்ற தோற்றம். சாதாரண நாலரை லிட்டர் எஞ்சின் 110 குதிரைத்திறன் தந்தது. சூப்பர்சார்ஜருடன் சாலைக் கார் 175 தந்தது. பந்தயக் கார் 240 தந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்! என் அண்ணனின் பட்டறைக்காரர் கேட்டால் மூர்ச்சை போட்டுவிடுவார்.

பென்ட்லி இதைக் கடுமையாக எதிர்த்தார். தம் எஞ்சினின் இயல்பையே இது கெடுத்துவிடும் என்பது அவருடைய முடிவு. காரணங்களை அடுக்கிப் பார்த்தால் பௌதிகம் அவர் பக்கம்தான் பேசுகிறது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கே எஞ்சின் தன் பலத்தில் ஒரு பகுதியைக் கப்பமாகக் கட்ட வேண்டும். காற்றை அழுத்தினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சூடான கலவை காலத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை ஓட்டையாக்கும். அதைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலை ஊற்ற வேண்டும். அதனால் செருகிகளில் கரி படியும், அடிக்கடி எண்ணெய் நிலையத்தில் நிற்க வேண்டும். இரு மடங்கு பலம் பழைய கிராங்க் தண்டின் மீதும் தாங்கிகள் மீதும் இறங்குகிறது. ஆகவே தண்டைக் கனமாக்க வேண்டும், இணைப்புத் தண்டை மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு அந்தப் பெட்டியின் கனம் முன்சக்கரத்துக்கும் முன்னால் தொங்குவதால், வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும்.

பென்ட்லியின் சொல் எடுபடவில்லை. தலைவர் பார்னாட்டோ பிர்கினின் பக்கம் சாய்ந்தார். லீமான் பந்தயத்தில் அனுமதி பெற ஐம்பது கார்கள் விற்பனைக்குச் செய்தாக வேண்டும் என்பது விதி. பணமில்லாத நிறுவனம் ஐம்பது கார்களைச் செய்தது. பந்தயத்துக்கென ஐந்து. ஆக, 55 சூப்பர்சார்ஜர் பென்ட்லிகள் பிறந்தன.

தீர்ப்பு நாள் 1930ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீமானில் வந்தது. எதிரணியில் ஏழு லிட்டர் மெர்சிடிஸ். அதற்கும் சூப்பர்சார்ஜர் உண்டு. ஓட்டியவர் புகழ்பெற்ற ஜெர்மானிய வீரர் கரச்சியோலா. பென்ட்லி நிறுவனத்தின் சார்பில் ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் வந்தன. பந்தய வடிவில் அவற்றுக்கு 200 குதிரைத்திறன். பிர்கினின் தனி அணியில் 240 குதிரைத்திறன் கொண்ட கார்கள் நின்றன. பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பிர்கின், மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு சக்கரங்கள் புல்தரையில் உராய, டயரின் மேற்பட்டை கிழிந்து பறக்க, மெர்சிடிசை முந்தினார். பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்காத காட்சி. இரவில் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. அந்தத் துரத்தலால் நின்றதா, தானாக நின்றதா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

ஆனால் விடிந்தபின் நடந்தது என்ன? ஓடிய இரண்டு சூப்பர்சார்ஜர் பென்ட்லிகளும் எஞ்சின் கோளாறால் அடுத்தடுத்து நின்றுபோயின. 40 குதிரைத்திறன் குறைவான ஸ்பீட் சிக்ஸ் கார்கள் முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் பெற்றன. பார்னாட்டோவே கிட்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து ஓட்டி வென்றார். சூப்பர்சார்ஜருக்கு அனுமதி தந்த தலைவர், சூப்பர்சார்ஜர் இல்லாத காரில் வென்ற வேடிக்கையை என்னென்பது! அந்தச் சூப்பர்சார்ஜர் கார்கள் பெரிய பந்தயம் எதிலும் முதலிடம் பெறவே இல்லை. அவற்றின் மிகச் சிறந்த ஓட்டம் அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் பிர்கின் பெற்ற இரண்டாமிடம்.

இதோடு நிறுத்தினால் என் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். எங்கள் பேராசிரியர் ஒருவர் இதைக் கையெழுத்துப் பிரதியில் படித்துவிட்டு, சூப்பர்சார்ஜரே தவறு என்கிறாயா என்று கேட்டார். இல்லை. அடுத்த ஆண்டு, 1931இல், பிர்கின் லீமானில் வென்றார். ஓட்டியது ஆல்ஃபா ரோமியோ என்னும் இத்தாலியக் கார், 2.3 லிட்டர் எஞ்சின், சூப்பர்சார்ஜர் உண்டு! 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் வெற்றி அது. அந்த எஞ்சினை வடித்த யானோ, முதல் கோடு போடும்போதே சூப்பர்சார்ஜரையும் சேர்த்துத்தான் வரைந்தார். தண்டு, தாங்கி, குளிர்விப்பு, எடை எல்லாம் அதற்கென அளந்து செய்தவை. இன்று அண்ணனின் காரில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி வந்திருப்பதும் இப்படித்தான். 75 என்ற எண்ணுக்கு ஏற்ப அதன் கிளட்சும் கியரும் பிரேக்கும் ரேடியேட்டரும் அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. 110 என்று சட்டையை மட்டும் மாற்றினால் உடம்பு என்ன செய்யும்?

பென்ட்லியின் எஞ்சியுள்ள வாழ்க்கை சோகமானது. 1930இல் அவர் தம் கொள்கையின் உச்சியாக 8 லிட்டர் காரைச் செய்தார். எவ்வளவு பெரிய உடல் கட்டினாலும் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும், ஓசையே கேட்காது. நூறு கார்கள்தாம் செய்ய முடிந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவ்வளவு விலையுள்ள காரை வாங்க யார் இருந்தார்கள்? இந்த இடத்தில் பென்ட்லியையும் நான் குறை சொல்லத் துணிகிறேன். பலம் போதவில்லையென்றால் பெரிதாகச் செய் என்ற அவர் விடையும் செலவு மிக்க விடைதான். 1931இல் பார்னாட்டோ கைவிட்டார், நிறுவனம் முழுகியது. நேப்பியர் நிறுவனம் வாங்கும் என்று பென்ட்லி நம்பியிருந்தார். ஆனால் வேறொரு நிதி நிறுவனத்தின் பெயரில் மறைந்து நின்று, ஒன்றேகால் இலட்சம் பவுனுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது ரோல்ஸ் ராய்ஸ். போர்க்காலத்தில் எந்த நிறுவனத்துக்குத் தம் பிஸ்டன் இரகசியத்தைத் தந்தாரோ, அதே நிறுவனம்! நிறுவனத்தோடு அவரும் கைமாறினார். வரைபலகையைத் தொட விடாமல், பிறர் செய்த காரை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை தந்தார்கள். தாம் வடிக்கும் காருக்குத் தம் பெயரைச் சூட்டும் உரிமையும் போயிற்று.

1935இல் விடுபட்டு லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். அது பொருத்திய கார்கள் 1939இல் லீமானில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தன. இரண்டாம் போருக்குப்பின் அவர் மேற்பார்வையில் பிறந்த 2.6 லிட்டர் எஞ்சின், லகோண்டாவை வாங்கிய டேவிட் பிரவுனின் கைக்குப் போய், ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஓடிப் புகழ் பெற்றது. அங்கும் பெயர் அவருடையது அன்று. முதுமையில் பழைய பென்ட்லி உரிமையாளர்களின் சங்கம் அவரைத் தம் புரவலராக வைத்துப் போற்றியது. 1971 ஆகஸ்டு 13ஆம் நாள், 82ஆம் வயதில் மறைந்தார். பிர்கினோ அவருக்கு வெகுகாலம் முன்பே, 1933இல், திரிப்போலிப் பந்தயத்தில் புகைக்குழாயில் கை சுட்டுக்கொண்டு, அதன்பின் நஞ்சேறிய குருதியும் பழைய மலேரியாவும் சேர, 36ஆம் வயதிலேயே இறந்துவிட்டார்.

இனி எங்கள் வழக்கு. பட்டறைக்காரரின் கணக்கில் இல்லாத செலவுகளை நான் ஒரு தாளில் எழுதினேன். கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கும் கிளட்ச், பெரிய பிரேக், நல்ல டயர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் வருவதும் ஐயம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் வேறு. அண்ணியின் ஊர் சேலம். மாதம் இருமுறை தொப்பூர் கணவாய் வழியாக அண்ணனும் அண்ணியும் குழந்தையும் அந்தக் காரில்தான் போய் வருகிறார்கள். அந்த இறக்கத்தில் வேண்டியது ஏறும் பலமா, நிற்கும் பலமா என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். அண்ணனின் காரில் முன் பிரேக் பட்டைகள் தேய்ந்திருப்பதை நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், அந்தப் பிர்கினின் கார்கள் இப்போது எங்கே என்று கேட்டார். எனக்கு மறைக்கத் தெரியவில்லை. பிர்கின் 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிச் சாதனை செய்த ஒற்றை இருக்கைச் சூப்பர்சார்ஜர் பென்ட்லி, 2012ஆம் ஆண்டு ஏலத்தில் ஐம்பது இலட்சம் பவுனுக்குமேல் விலைபோனது என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவு நேரம் நான் சொன்னவற்றில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

மறுநாள் காலை ஓசூருக்குப் புறப்படும்முன் பிரேக் பட்டைகள் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனார். சங்கிலி இன்னும் அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது. பட்டறைக்காரரிடமிருந்தும் வாரம் ஒருமுறை தொலைபேசி வந்துகொண்டுதான் இருக்கிறது.